மொய் எழுதும் முகநூல்

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் முகநூலில் அட்டைப்படத்தைப் போட்டதும் நாற்பது 'அருமை' விழுகிறது. பெரும்பாலும் சக எழுத்தாளர்கள். அடுத்த மாதம் இவர் அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். நம்மூர் மொய்க் கணக்கேதான்.

பாராட்டு ஆசை புதிதல்ல. பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1913இல் சொந்தச் செலவில் நாவல் வெளியிட்ட புரூஸ்த், பத்திரிகையில் புகழ்ச்சி வரப் பணமே கொடுத்தார்.

நம் சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா வேறு ரகம். 1959இல் 'எழுத்து' தொடங்கி விமர்சனத்துக்கு இடம் கொடுத்தார். தன் புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

படித்தவர் மட்டும் எழுதுங்கள் ஐயா, 'மூன்றாம் அத்தியாயம் இழுக்கிறது' என்றாவது. பென்ஷனில் முந்நூறு ரூபாய் எடுத்து வாங்குகிற எனக்கு அதுதான் உதவும்.