பாவித்த பொருள் வாங்குவோருக்கு: பழைய வால்வ் அம்பிளிபயர்



இந்தப் பகுதியில் இதுவரை பாவித்த கார், பாவித்த தையல் மெஷின், பாவித்த கட்டில் மெத்தை என்று எழுதிவந்தோம். இம்முறை எடுத்துக்கொள்வது பெற்றோர் பலருக்குப் பழக்கமில்லாத ஒரு பொருள். எலக்ரிக் கிற்றார் பழகும் பிள்ளைகள் கேட்டு நிற்கும் பழைய வால்வ் அம்பிளிபயர்தான் அது. ஹெவி றொக் எனப்படும் கனத்த, உறுமும் இசைக்கு இதைவிட வேறொன்றும் சரிவராது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை வீட்டில் பெரியவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

ஏனென்றால், இந்த நகரில் விற்பவர் பெரும்பாலும் பிரெஞ்சில் பேசுவார். பிரெஞ்சுப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைதான் நமக்கு மொழிபெயர்ப்பாளர். பொருளை விரும்புகிறவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால், "கொஞ்சம் இரைகிறது, திருத்த வேண்டி வரும்" என்று அவர் சொன்னது நம் காதுக்கு வரும்போது "நல்ல சாமான் அப்பா" என்று ஆகிவிடக்கூடும். பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆசை எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் ஊருக்கு அனுப்ப வைத்த பணத்திலிருந்தோ, பிள்ளை சனி ஞாயிறு வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்தோ பல நூறு டொலரை எடுத்துக் கொடுக்கப்போகிறோம். மொழி தெரியாமலே கண்ணாலும் காதாலும் மூக்காலும் சோதிக்கக்கூடியவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வால்வ் என்றால் என்ன?

நம்மில் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊரில் முன்பு இருந்த பெரிய மரப்பெட்டி றேடியோவை நினைத்துப் பாருங்கள். சுவிச்சைப் போட்டவுடன் பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் செம்மஞ்சளாக ஒளிர்ந்து சூடேறிய பிறகே இலங்கை வானொலி கேட்கும். அந்தக் கண்ணாடிக் குமிழ்தான் வால்வ். கனடாவில் ஆங்கிலம் பேசுவோர் அதை ரியூப் என்பார்கள். பிரெஞ்சில் லாம்ப். "அம்பிளி அ லாம்ப்" என்றால் வால்வ் அம்பிளிபயர். "யூசாஜே" என்றால் பாவித்தது. விளம்பரம் தேட இந்த இரண்டு சொற்களும் போதும்.

ரான்சிஸ்ரர் வந்த பிறகு றேடியோவிலிருந்து வால்வ் போய்விட்டது. கிற்றார் அம்பிளிபயரிலிருந்து மட்டும் போகவில்லை. வால்வை அதன் கொள்ளளவுக்கு மேல் நெருக்கினால், ஒலி அலையை அதனால் மேலும் பெரிதாக்க முடியாது. அலையின் உச்சிகள் மழுங்குகின்றன. அப்போது முன்பு இல்லாத உபசுரங்கள் வந்து சேர்கின்றன. சுரம் தடிக்கிறது, நீண்டு நிற்கிறது. றேடியோவுக்கு இது பழுது. கிற்றார் வாசிப்பவருக்கு இதுவே வேண்டியது. ரான்சிஸ்ரரும் இப்படி மழுங்கும். ஆனால் பெரும்பாலும் சட்டென்று வெட்டியதுபோல் மழுங்குவதால் காதைக் கீறும். வால்வ் படிப்படியாக மழுங்குவதால், மெல்ல வாசித்தால் தெளிவாகவும் ஓங்கி வாசித்தால் உறுமலாகவும் வரும்.

இது வெறும் இரைச்சல் என்று ஒதுக்குமுன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். இந்த இசையின் முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த ரோனி அயோமி. உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, 17 வயதில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கை வாசிப்பாளர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்ரிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி மீண்டும் வாசித்தார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970இல் வெளிவந்த பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டில் கேட்கும் கனம் அவருடையது. அவர் பாவித்த லேனி வால்வ் அம்பிளிபயரும் அதே நகரில் செய்யப்பட்டதே. தொழிற்சாலையில் நிற்கும் நம் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல.

எந்தப் பெயரைத் தேடுவது?

பிள்ளைகள் முதலில் சொல்லும் பெயர் மார்ஷல். லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கம்பனி அது. அவரது முதல் அம்பிளிபயரான ஜே.ரி.எம். 45, அமெரிக்க ஃபென்டர் கம்பனியின் பாஸ்மன் என்ற அம்பிளிபயரின் அமைப்பை ஒட்டியது. பழைய மார்ஷலுக்கு இன்று பெயருக்காகவே பெருவிலை கேட்கிறார்கள்.

ஆனால் நாம் வந்து சேர்ந்த நாட்டிலேயே அதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் உண்டு. ரொறன்ரோவில் லோங் அன்ட் மக்வேட் கடையில் திருத்துநராக இருந்த பீற் ட்ரெய்னர், 1963 முதல் தன் பெயரில் அம்பிளிபயர் செய்யத் தொடங்கினார். அவருடைய வை.பி.ஏ. 1 என்ற பெட்டியும் அதே பாஸ்மன் அமைப்பை ஒட்டியதே. பாஸ் கிற்றாருக்கென்று செய்யப்பட்டாலும், சாதாரண கிற்றாரைப் போட்டு உயர்த்தினால் பழைய மார்ஷலுக்கு மிக அருகில் வரும். வாடகைக்குப் போய்வந்து அடிபட்டாலும் தாங்கவேண்டும் என்று தடித்த ரான்ஸ்போமரும் உறுதியான பெட்டியும் வைத்துச் செய்யப்பட்டவை இவை. ட்ரெய்னர் அவற்றைக் கடைக் கூரையிலிருந்து கீழே போட்டுச் சோதித்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. கனடாவில் ஏராளமாக விற்கப்பட்டதால் மொன்றியல் விளம்பரங்களிலும் அடிக்கடி வரும். அதே வயது மார்ஷலைவிட விலை பெரிதும் குறைவு. வின்னிபெக்கில் செய்யப்பட்ட கார்னெற் என்ற பெயரையும் நினைவில் வைத்திருங்கள்.

எத்தனை வாற்?

பிள்ளைகள் 100 வாற் பெட்டியைத்தான் விரும்புவார்கள். வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. சத்தம் காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வாற் வேண்டும். ஆகவே 100 வாற் என்பது 20 வாற்றைவிட ஐந்து மடங்கு சத்தமல்ல. இரண்டு மடங்குகூட அல்ல. ஆனால் வால்வ் உறுமத் தொடங்குவது அதை நெருக்கும்போதுதான் என்று மேலே சொன்னோம். 100 வாற் பெட்டியை நெருக்க ஒரு மண்டபம் வேண்டும். வீட்டில் அதைக் கால்வாசிகூடத் திறக்க முடியாது. அப்போது நாம் பணம் கொடுத்த அந்த உறுமல் வரவே வராது. கோயில் வீதியில் வாசிக்கும் நாதஸ்வரத்தைச் சாப்பாட்டறைக்குள் வாசிக்க முடியுமா?

இதற்கு நல்ல சான்று கனடாவிலேயே உண்டு. கெஸ் ஹூ குழு 1970இல் வெளியிட்ட 'அமெரிக்கன் வுமன்' பாட்டில் கேட்கும் தடித்த கிற்றார் ஒலிக்கு, கார்னெற் கம்பனியின் கார் கில்லீஸ் செய்த ஹேர்சோக் என்ற சிறு பெட்டியே காரணம். ஒரு சின்ன வால்வ் அம்பிளிபயரை முழுதாக நெருக்கி, அந்த ஒலியைப் பெரிய அம்பிளிபயருக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. கனம் சின்ன வால்விலிருந்து வந்தது. பெரிய பெட்டி அதை உரத்துச் சொன்னது மட்டுமே.

ஆகவே ட்ரெய்னரில் வை.ஜி.எம். 3 போன்ற, ஈ.எல். 84 என்ற சின்ன வால்வ் இரண்டு உள்ள, 20 வாற் அளவான பெட்டி ஒரு மாணவருக்குப் போதும். ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருக்கும். குழுவாக மேடையேறும் பிள்ளைக்கு, ஈ.எல். 34 வால்வ் இரண்டு உள்ள 40, 45 வாற் வை.பி.ஏ. 1 சரி, அதற்கு ஸ்பீக்கர் பெட்டி தனியாக வாங்கவேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சோதிக்கும் முறை

1. பிள்ளையின் சொந்தக் கிற்றாரைக் கொண்டு போங்கள். விற்பவரின் நல்ல கிற்றாரில் எல்லாமே நன்றாகக் கேட்கும்.

2. போடுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். ரான்ஸ்போமரில் கடும் துரு, கருகிய மணம், புதிதாக வெட்டி ஒட்டிய வயர் இருந்தால் யோசியுங்கள். வால்வ் தேய்ந்தால் மாற்றலாம். இன்றும் ரஷ்யா, சிலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் செய்கிறார்கள். ரான்ஸ்போமர் போனால் செலவு பெரிது.

3. குளிர்ந்த நிலையிலிருந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வால்வின் நடுவில் செம்மஞ்சள் ஒளி தெரிவது இயல்பு. அதைச் சுற்றியுள்ள சாம்பல்நிறத் தகடே சிவப்பாகப் பழுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

4. கிற்றாரைப் போடாமல் சத்தத்தை உயர்த்திக் கேளுங்கள். சிறு இரைச்சல் இருக்கும். மாடு கத்துவதுபோல் கனத்த ஹம் வந்தால் கொண்டென்சர்கள் பழுதாகியிருக்கலாம். நாற்பது, ஐம்பது ஆண்டுப் பெட்டியில் இவை மாற்றப்பட்டனவா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

5. எல்லாத் திருகிகளையும் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு மட்டுமென்றால் பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். அது பெரிய குறையல்ல.

6. குறைந்தது 20 நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சூடேறிய பிறகே பல பழுதுகள் தலைகாட்டும். தடித்த தந்தியில் ஒரு சுரத்தை அடித்துவிட்டுக் கையை எடுக்காமல் நிற்கட்டும். ஒலி மெல்ல மெல்ல அடங்க வேண்டும். இடையில் தும்முவதுபோல் அறுந்தால் வாங்க வேண்டாம்.

மின்சாரத்தோடு விளையாட்டில்லை

இந்தப் பெட்டிகளுக்குள் 400 வோல்ற்றுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொண்டென்சர்களுக்குள் மின் தேங்கி நிற்கும். ஊரில் றேடியோ திருத்திய கை என்று துணிந்து யாரும் மூடியைக் கழற்ற வேண்டாம். பழைய பெட்டிகள் சிலவற்றில் இரண்டு கால் பிளக்தான் இருக்கும். அதைப் பாவிக்கத் தொடங்குமுன் திருத்துநரிடம் கொடுத்து, நிலத்தொடர்புள்ள மூன்று கால் பிளக்காக மாற்றுவியுங்கள். ஒரு கையில் கிற்றார் தந்தியும் வாயருகே மைக்கும் இருக்கும் பிள்ளைக்கு இது உயிர் பிரச்சினை.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் அம்பிளிபயரைப் போடவே கூடாது; ரான்ஸ்போமர் கருகிவிடும்.

லண்டனிலுள்ள உறவினர் மலிவாக ஒன்று பிடித்துத் தருகிறேன் என்றால், அங்கு 230 வோல்ற், இங்கு 120 வோல்ற் என்பதை மறக்கவேண்டாம். மாற்றும் வசதி அந்தப் பெட்டியிலேயே உண்டா என்று முதலில் கேளுங்கள். குளிர்காலத்தில் வாங்கி வந்தால், வீட்டுச் சூட்டில் உள்ளே ஈரம் படியும். சில மணி நேரம் ஆறவிட்டே போடுங்கள்.

அயலவரும் வீட்டு ஒப்பந்தமும்

கோட் டெ நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் நம் வீடுகளின் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது எல்லோருக்கும் தெரியும். கியூபெக் குடியியல் சட்டத்தின் 1860ஆம் பிரிவு, மற்ற வாடகைக்காரரின் அமைதியைக் கெடுக்காமல் நடப்பது வாடகைக்காரரின் கடமை என்கிறது. முறைப்பாடு வாடகை நீதிமன்றம் வரை போகலாம். 20 வாற் பெட்டியே அடுக்குமாடிக்கு மிக உரத்தது. ஆகவே வீட்டில் குறைத்து வாசிக்க ஒரு ஒழுங்கும், முழுதாகத் திறந்து வாசிக்க வேறோர் இடமும் வாங்குமுன்பே தீர்மானியுங்கள். பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறைகள் இந்த நகரில் பல உண்டு. நண்பர்கள் நான்கு பேர் பகிர்ந்தால் செலவு குறையும்.

எப்போது, என்ன விலைக்கு?

ஜூலை 1ஆம் திகதி நகரமே வீடு மாறும் நாள். தூக்க முடியாத பாரங்களை மக்கள் விற்கும் காலமும் ஜூன் மாதக் கடைசிதான். வெளிப்படியால் மூன்றாம் மாடிக்கு ஏற்றிய அம்பிளிபயரை மீண்டும் இறக்க விரும்பாதவர் விலையில் இறங்கி வருவார். ஆனால் தெருவோரத்தில் மழையில் நனைந்து கிடப்பதை எடுத்து வந்து போட்டுப் பார்க்க வேண்டாம்.

கடையில் வாங்கினால் மத்திய அரசின் 5 வீத வரியும் கியூபெக்கின் 9.975 வீத வரியும் சேரும். 500 டொலர் சாமான் ஏறத்தாழ 575 டொலர் ஆகும். தனியாரிடம் இந்த வரி இல்லை. ஆனால் கடை தரும் உத்தரவாதமும் கிடைக்காது. கடை எத்தனை நாள் உத்தரவாதம் தருகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கு வாங்கினாலும் திருத்துநருக்கென்று ஒரு தொகையைப் புறம்பாக எடுத்து வையுங்கள். அதற்குப் பணம் மிஞ்சாத விலை, கையில் உள்ள பணத்துக்கு மிஞ்சிய விலை.

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று. விலை பேசப் போகுமுன், வீட்டிலேயே பிள்ளையோடு இருந்து தொகையையும், எந்தெந்தக் குறை இருந்தால் திரும்பி வருவது என்பதையும் தமிழில் பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போன பிறகு பிள்ளை மொழிபெயர்க்கட்டும்; முடிவு ஏற்கெனவே இருவருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். சரியான பெட்டி அமைந்தால் மனம் நிறைந்து வாங்கிக் கொடுங்கள். நித்தி கனகரத்தினத்தின், ஏ.ஈ. மனோகரனின் பொப் பாட்டுக்களைக் கிற்றாரோடு கேட்டு வளர்ந்த தலைமுறைதானே நாமும்.

அடுத்த இதழில்: பாவித்த குளிர்கால ரயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.