கட்டைவிரலின் விலை என்ன?

நூற்பாலையில் இரவு ஷிப்டு. ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் பஞ்சு சிக்கிக்கொள்கிறது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று மேஸ்திரி விரட்டுகிறார். தொழிலாளி கையை விடுகிறார். வலது கட்டைவிரல் போகிறது. நிர்வாகத்தின் கார் வருகிறது. தெரிந்த டாக்டரிடம் கொண்டுபோகிறார்கள். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து ஒருவர், பழமும் ஒரு கவரும் எழுதாத வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு வருகிறார். “முதலாளி பெரிய மனசு பண்ணிப் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார். இதிலே ஒரு ரேகை வை. கை ஆறியதும் வேலைக்கு வந்துவிடு” என்கிறார். வலது கட்டைவிரலை இழந்தவர் இடது கட்டைவிரலால் ரேகை வைக்கிறார்.

பஞ்சாலைப் பகுதியில் சங்க வேலை செய்யும் எவருக்கும் இது புதிய கதையல்ல. விபத்து யந்திரத்தில் ஒரு முறை நடக்கிறது. அந்த வெள்ளைத் தாளில் இரண்டாம் முறை நடக்கிறது. முதல் விபத்தை எல்லா நேரத்திலும் தடுக்க முடியாமற் போகலாம். இரண்டாவது விபத்தை நம்மால் நிச்சயமாகத் தடுக்க முடியும்.

கட்டைவிரலின் விலை என்ன? வேதனைக்கு யாரும் விலை வைக்க முடியாது. ஆனால் இழந்த சம்பாத்தியத்திற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1923-ம் ஆண்டு தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் பட்டியலில், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 பங்கு இழப்பு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இரண்டு கைகளும் போனால் 100. முழு ஊனத்திற்குச் சம்பளத்தில் 60 பங்கை எடுத்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020-ல் 15,000 ரூபாயாக வைக்கப்பட்டது. முப்பது வயதுக்கு உரிய எண் 207.98. அந்தச் சம்பளம் வாங்கும் முப்பது வயதுத் தொழிலாளிக்கு முழு ஊனத்திற்கு 18,71,820 ரூபாய். அதில் 30 பங்கு 5,61,546 ரூபாய். பெரிய மனசு கொடுத்தது பத்தாயிரம்! மீதியெல்லாம் எங்கே போயிற்று?

இது முதலாளி போடும் பிச்சையல்ல. அவர் பட்ட கடன். முன்பெல்லாம் அடிபட்ட தொழிலாளி, முதலாளியின் தவறால்தான் அடிபட்டேன் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். “ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?” என்று முதலாளி தப்பித்துக்கொள்வார். 1924 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்த நஷ்ட ஈட்டுச் சட்டம் இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளியது. யார் தவறு என்பது கேள்வியல்ல. வேலையில் இருக்கும்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா என்பதே கேள்வி. ஆம் என்றால் நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும்.

1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம், 1955 ஜனவரியில் கோவைக்கு வந்தது. இந்த இரு சட்டங்களும் இன்று 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திற்குள் அடக்கப்பட்டுவிட்டன; அது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. பெயரும் ஷரத்து எண்களும் மாறியிருக்கின்றன. முதலாளியின் பொறுப்பு மாறவில்லை. “பழைய சட்டம் போய்விட்டது, இனி ஒன்றும் கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நிவாரணத்திற்கு இரண்டு வாசல்கள் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், சம்பள வரம்புக்குள் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. இதற்குச் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியும், மூன்றேகால் ரூபாய் முதலாளியும் கட்ட வேண்டும் என்பது 2019 ஜூலை முதல் உள்ள விகிதம். அடிபட்டுப் படுத்திருக்கும் காலத்திற்குச் சராசரிக் கூலியில் 90 பங்கு கிடைக்கும். நிரந்தர ஊனமானால் இழப்புக்குத் தக்கபடி ஆயுள் முழுவதும் தொகை வரும். இறந்துபோனால் மனைவி மக்களுக்கு உதவித் தொகை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில், முதலாளியே நேரடியாக நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு வாசலிலும் பணம் வாங்க முடியாது. ஆனால் இரண்டு வாசலும் இல்லையென்று தொழிலாளியை எந்த முதலாளியும் திருப்பி அனுப்ப முடியாது.

இனி, நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளைப் பார்ப்போம்.

“அவன் காண்டிராக்டர் ஆள், எங்கள் கணக்கில் இல்லை” என்பது ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலை விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்களிடம் இதையே சொல்கிறார்கள். ஆலையின் வேலையை ஆலைக்குள் செய்தவருக்கு ஆலை முதலாளியே பொறுப்பு என்கிறது சட்டம். கொடுத்துவிட்டு அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

“காப்பை அவனே கழற்றினான், அவன் குற்றம்” என்பது இன்னொன்று. அஜாக்கிரதை வேறு, வேண்டுமென்றே பாதுகாப்புக் காப்பை அகற்றுவது வேறு. வேண்டுமென்றே செய்தார் என்று வைத்துக்கொண்டாலும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்தச் சாக்கு செல்லாது. காப்பைக் கழற்றினால்தான் கேட்கும் உற்பத்தி வரும் என்ற நிலையை உண்டாக்கியது யார் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

“கையெழுத்துப் போட்டுவிட்டானே” என்பது மூன்றாவது. சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. மரணத்திற்கான நஷ்ட ஈட்டை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் விதவையின் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்கவும் முடியாது; அதை உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும். காலம் கடத்தினால் வட்டி உண்டு. தக்க காரணமில்லாமல் கடத்தினால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு.

பட்டியலோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இடது கையை இழந்த ஒரு தச்சுத் தொழிலாளியின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவர் முழுத் திறனையும் இழந்தவரே என்று 1975-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டிய கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. கையைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கை செய்த வேலையையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

வயலில் உழைக்கும் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. டிராக்டர் வேலை, பூச்சிமருந்து தெளித்தல், யந்திரத்தால் அறுவடை செய்தல், கதிரடித்தல், கிணறு தோண்டுதல் ஆகியவை நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் இடம் பெற்றவை. ஆனால் விபத்து நடந்ததும் நிலத்துக்காரர் மிஷின்காரரைக் காட்டுகிறார். மிஷின்காரர் நிலத்துக்காரரைக் காட்டுகிறார். நாற்று நடும்போது பாம்பு தீண்டி இறந்தவரின் குடும்பமோ, அன்று எத்தனை பேர் வேலை செய்தார்கள், பட்டியலில் இடமுண்டா என்று வாதாட வேண்டியிருக்கிறது. மண்ணில் உழைப்பவரின் உயிருக்கு ஏன் இந்தப் பாகுபாடு? எந்த யந்திரமும் இல்லாவிட்டாலும் விவசாயத் தொழிலாளிக்குத் தானாகவே நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும். கணக்கிற்கான சம்பள உச்சவரம்பும் விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். இவை சர்க்காரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள்.

கோரிக்கை வெல்லும் வரை, கையில் இருக்கும் உரிமையை நழுவ விடலாமா? விபத்து நடந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ளவரை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள், மற்றவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வேலையில் அடிபட்டது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து யந்திரத்தில் நின்ற இருவர் சாட்சியாகப் பெயர் கொடுங்கள். சம்பளச் சீட்டையும் வேலை அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்கு எழுத்து மூலம் நோட்டீசு கொடுங்கள். மனுப் போட இரண்டு ஆண்டுக் கெடு உண்டு என்று காத்திருக்காதீர்கள். சாட்சி கலைய இரண்டு மாதம் போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதாத தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள்.

அடிபட்டவர் தனியாகக் கட்டிலில் கிடக்கும்போதுதான் அந்த வெள்ளைத் தாள் வருகிறது. அவர் அருகில் சங்கத் தோழர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது வந்த வழியே திரும்பிப் போகும். ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு கிராமத்திலும், விபத்துச் செய்தி கேட்டதும் ஓடிப்போய் நிற்கும் ஒரு தோழரை இன்றே நியமிப்போம்.

போன விரலை யாராலும் திருப்பித் தர முடியாது. அந்த விரல் சம்பாதித்துக் கொடுத்திருக்கக்கூடிய சோற்றையும் பறிகொடுக்க நாம் சம்மதிக்க மாட்டோம்!