கல்யாணக் கேசட்டை மாற்றக் கொடுக்கும் முன்

பரணில் கிடக்கும் கல்யாண வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரக் கடைகள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் எந்த அளவில் பதிவு செய்வார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நம் நாட்டில் இருந்த 'பால்' முறைப் படத்துக்கு 576 வரிகள். 720க்கு 576 என்று எடுத்தால் அத்தனை வரியும் வந்துவிடும். 352க்கு 288 என்றால் பாதி வரிகள்தான் மிஞ்சும். பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி பார்த்துச் சுருக்கும் கருவி பரவாயில்லை. ஒன்றுவிட்டு ஒரு வரியைத் தள்ளிவிடும் கருவியில் பட்டுப்புடவைச் சரிகை ரம்பப் பல்லாகத் தெரியும். போன வரியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஊகித்து நிரப்பும், அவ்வளவே.

கோப்பு பெரிதாகும் என்பார்கள். ஆகட்டும். வன்தட்டு கடையில் கிடைக்கும். பாட்டியின் முகம் கிடைக்காது. மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.