சட்டகம் விரிந்தால் கால் முந்தக் கூடாது

‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட கேத்தி ரயில் நிலையத்துக்கு இன்றும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். 1982-ல் வெளியான அந்தப் படத்துக்காக பாலு மகேந்திரா ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். அன்றைய 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் ஒரு சட்டகத்தின் அளவு ஏறக்குறைய 22 மி.மீ.க்கு 16 மி.மீ. இன்றைக்குக் ‘கிராப் சென்சார்’ என்று கடைக்காரர்கள் சற்றே இறக்கிச் சொல்லும் கேமராக்களின் சென்சாரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கேனனில் 22.3-க்கு 14.9, நிக்கான், சோனி கேமராக்களில் சுமார் 23.5-க்கு 15.6. தமிழ்நாடே கண்கலங்கிப் பார்த்த காட்சிக்குப் போதுமாயிருந்த அளவு, உதகைக்கு வரும் ஒரு புகைப்படக்காரருக்குப் போதாமல் போக வேண்டியதில்லை.

ஆனாலும் போதாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குவதே அடுத்த படி, அதுவே தொழில்முறைக்கு அடையாளம் என்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர்கள்கூட நம்புகிறார்கள். பழைய பாடியை விற்று, கடன் வாங்கி, பெரிய சென்சாருக்கு மாறுகிறார்கள். மாறுவதில் தவறில்லை. மாறிய பிறகு கண்ணும் கையும் காலும் எதையெல்லாம் புதிதாகப் பழக வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீலகிரி போன்ற இடத்தில் இது படம் கெடுவதோடு முடிகிற விஷயமில்லை.

36-க்கு 24 என்ற ஃபுல் ஃபிரேம் அளவும் சினிமா ஃபிலிமிலிருந்து வந்ததுதான். ஜெர்மனியின் ஆஸ்கர் பர்னாக் சினிமா ஃபிலிமைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டகங்களை ஒன்றாக்கிப் படம் பிடிக்கும் சிறிய கேமராவை வடிவமைத்தார். 1925-ல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டிஜிட்டல் காலத்தில் அந்த அளவுக்குச் சென்சார் செய்வது மிகுந்த செலவு பிடித்த வேலை என்பதால், முதலில் சிறிய சென்சார்களே பரவின. கேனன் 2002-ல் கொண்டுவந்த முழு அளவு கேமரா பத்திரிகை நிறுவனங்களும் பெரிய ஸ்டுடியோக்களும் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தது. அந்த மாற்றத்தின் இன்னொரு முனையை உதகை மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 1960-ல் நிறுவப்பட்டு 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை நலிந்து மூடப்பட்டது. ஆலையின் பெயரைத் தாங்கிய இந்து நகர் மட்டும் இருக்கிறது.

பெரிய சென்சாரின் ஆதாயம் உண்மையானது. பரப்பளவில் அது நிக்கான், சோனியின் சிறிய சென்சாரைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் சற்று மேல். ஒரே அப்பெர்ச்சரில், ஒரே ஷட்டர் வேகத்தில் அவ்வளவு கூடுதல் ஒளி அதில் விழுகிறது. நீலகிரியின் சோலைக்காட்டுக்குள் போனவர்களுக்கு இதன் அருமை புரியும். பகல் பத்து மணிக்கே அந்திபோல் இருக்கும். பாசி படர்ந்த கிளையில் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒரு நொடி உட்கார்ந்து பறக்கும். ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றாமல் வேலை நடக்காது. அந்த நிலையில் சிறிய சென்சாரில் இறகின் நுணுக்கம் பொறிப்பொறியாகக் கலையும். பெரிய சென்சாரில் பெரும்பாலும் தாங்கும். மலை ரயில் குகைக்குள்ளிருந்து வெளியே வரும் கணத்தில், இருட்டையும் வெயிலையும் ஒரே படத்தில் பிடிக்கவும் அது கைகொடுக்கும்.

இனி செலவும் சிரமமும். கேனனின் சிறிய சென்சாருக்கென்று வந்த இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது. நிக்கானின் டிஎக்ஸ் லென்ஸ்கள் பொருந்தும். ஆனால் கேமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் பாடி அப்போது பத்துச் சொச்சம் மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும். ஆகவே பாடிக்கென்று சேர்த்த பணம் தீர்ந்த பிறகே உண்மையான செலவு தொடங்குகிறது. எடையும் கூடும். மேடும் பள்ளமுமான ஊரில் நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவருக்கு அது சின்ன விஷயமல்ல.

கல்யாண வீட்டில் வேறொரு சிக்கல் வரும். சிறிய சென்சாரில் எஃப் 2.8 வைத்து இரண்டு வரிசைக் குடும்பப் படம் எடுத்துப் பழகியவர், புதிய கேமராவிலும் அதே எண்ணை வைப்பார். மாப்பிள்ளை தெளிவாக இருப்பார். பின்வரிசையில் நிற்கும் பாட்டியின் முகம் மங்கியிருக்கும். முன்பு கிடைத்த அதே ஆழம் வேண்டுமென்றால் எஃப் 4-க்கு இறங்க வேண்டும். பின்புலம் கரைவதற்காகவே ஃபுல் ஃபிரேம் வாங்கியவருக்கு இதைச் செய்ய மனம் வராது. ஆனால் அந்த வீட்டார் ஐம்பது வருடம் சட்டம் போட்டு மாட்டி வைக்கப்போவது பாட்டி இருக்கிற படத்தைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தூரத்தில் இருக்கிறது. சிறிய சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. காட்டுகிற அளவுக்கு நெருக்கிக் காட்டும். அதே லென்ஸைப் புதிய பாடியில் மாட்டினால் அந்த நெருக்கம் போய்விடும். கணக்கு எளிது. முன்பு 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்த உருவம் சட்டகத்தில் அதே அளவில் வேண்டுமென்றால், இப்போது 20 மீட்டருக்கு வர வேண்டும். லென்ஸ் வாங்கக் காசில்லை, கால்கள் இருக்கின்றன. கால்கள் நடக்கத் தொடங்கிவிடும்.

ஸ்டுடியோவிலும் தெருவிலும் அந்தப் பத்து மீட்டர் ஒன்றுமில்லை. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் எதிரே நிற்பது ஒரு டன் எடையை எட்டக்கூடிய காட்டெருமை. பச்சைப் புதர்களுக்கு நடுவே சாதுவாக மேய்வதைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது மாடுபோலத் தெரியும். அது தாக்கி உயிரிழந்தவர்களின் செய்திகளை இந்த மாவட்டத்து மக்கள் ஆண்டுதோறும் படிக்கிறார்கள். உதகையிலிருந்து மைசூரு போகும் காட்டுச் சாலையிலும் இதே கதை. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையோடு படம் எடுக்க நெருங்கிய ஒருவரை அது துரத்தி மிதித்தது. அவர் உயிர் தப்பினார். வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. முதுமலை வழியாகப் போகும் சாலையிலும் வண்டியை நிறுத்தி இறங்கத் தடை இருக்கிறது. கேமரா புதிதென்பதற்காக அந்த விதி தளராது.

மா. கிருஷ்ணன் நெருங்கிப் போகவில்லையா என்று ஒரு கேள்வி வரும். போனார். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த அந்தத் தமிழ் எழுத்தாளர், முதுமலையில் நடந்தும், வனத்துறையின் வளர்ப்பு யானை மீது அமர்ந்தும் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தவர். பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே சேர்த்த கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரிட்டிருந்தார். ஆனால் யானையின் காது எப்போது விரியும், தும்பிக்கை எதற்காக உயரும் என்பதைப் பல்லாண்டு கவனித்தவர் அவர். அந்தப் படிப்பு இல்லாமல் அந்தத் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து. அவருக்கு மட்டுமல்ல, விலங்குக்கும் அன்றைக்கு இடம் இருந்தது. இன்று ஒரு யானைக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் நிற்கின்றன.

அப்படியானால் இழந்த தூரத்தை எப்படி ஈடுகட்டுவது? 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் 300 மி.மீ. லென்ஸ் 420 ஆகும். ஆனால் ஒளி பாதியாகும். பெரிய சென்சார் தந்த ஆதாயத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். 45 மெகாபிக்சல் பாடியாக இருந்தால் படத்தின் நடுவை வெட்டி எடுத்தாலும் சுமார் 20 மெகாபிக்சல் மிஞ்சும். அதன் விலை வேறு. பறவையும் விலங்குமே வேலை என்று இருக்கிறவருக்குப் பழைய கிராப் பாடியை விற்காமல் வைத்திருப்பதே நல்ல வழி. நிக்கான் டி500 போன்ற சிறிய சென்சார் கேமராவைப் பறவைப் படக்காரர்கள் பலர் கைவிடாமல் வைத்திருந்தது இதனால்தான். தேவைப்படும் நாளுக்கு நீண்ட லென்ஸை வாடகைக்கு எடுப்பது அதற்கடுத்த வழி.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது: விலங்கைச் சட்டகத்தில் சின்னதாகவே விட்டுவிடலாம். முக்குருத்தியின் புல்வெளிச் சரிவில் ஒரு வரையாட்டை முகம் மட்டும் தெரியும்படி எடுத்தால் அது எந்த மிருகக்காட்சிச் சாலையிலும் எடுத்த படமாக இருக்கலாம். சரிவும், பாறையும், மடிப்பில் ஒதுங்கிய சோலையும், ஓரத்தில் புல்வெளியைத் தின்றுகொண்டு வரும் வாட்டில் மரங்களும் அதே சட்டகத்தில் இருந்தால், நம் மாநில விலங்கு எந்த நெருக்கடியில் வாழ்கிறது என்பது விளங்கும். தேயிலை வரிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் காட்டெருமையும் அப்படித்தான். இவ்வளவு நுணுக்கத்தை ஒரே படத்தில் தாங்குவது பெரிய சென்சாரின் பலம். அதை நெருங்கிப் போகச் செலவிடுவது வீண்.

அகல லென்ஸ் மாட்டினால் மனிதர்களிடமும் இதே சபலம் வரும். முன்னால் இருப்பது மிகப் பெரிதாகவும் பின்னால் இருப்பது சின்னதாகவும் தெரியும் என்பதால், கேமரா கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்துக்கே போய்விடுகிறது. பறித்த எடை கூலியில் பேசும் வேலை அது. கேட்காமல் எடுப்பதும், கூடையைத் திருப்பச் சொல்வதும், சிரிக்கச் சொல்வதும் அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வதாகும்.

இதைப் புகைப்படக்காரர்களின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. பயிலரங்கு நடத்துகிறவர்கள் முதல் நாளே பாதுகாப்பான தூரத்தைச் சொல்லித்தர வேண்டும். வாடகை வண்டியில் காட்டைக் காட்ட அழைத்துப் போகிறவர்கள் இறங்க விடக் கூடாது. புகைப்படப் போட்டிகளின் பொறுப்பு இன்னும் பெரிது. ‘ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்’ என்ற லண்டன் போட்டியில் வாழிடத்தோடு விலங்கைக் காட்டும் படங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இங்கே நடக்கும் போட்டிகளும் அதைச் செய்யலாம். கூடவே, எங்கே நின்று, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரங்களையும் மூலக் கோப்போடு கேட்டுப் பெறலாம். டிஜிட்டல் கேமரா லென்ஸின் குவியத் தூரத்தைக் கோப்பிலேயே பதிந்து வைக்கிறது. 50 மி.மீ. லென்ஸில் ஒரு காட்டு யானையின் முகம் சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால், அந்தப் படத்தைத் தள்ளிவைக்க நடுவருக்கு வேறு சாட்சி தேவைப்படாது.