தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

சென்ற தவணை முடிவில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உயர்தர வகுப்பு மாணவிகளை வழிகாட்டி ஒருவருடன் மூன்று நாள் நடைப்பயணமாக நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அழைத்துப் போகலாமா என்று அதிபர் கேட்டார். உடனே மண்டபம் சூடாகிவிட்டது. யானை நிற்குமா, அட்டை கடிக்குமா, இரவில் எங்கே படுப்பது, ஆண்கள் யார் யார் வருவார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினோம். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நடக்கிற வழியில் பிள்ளைகள் சிறுநீர் கழிக்க எங்கே போவார்கள்?

நானும் கேட்கவில்லை. மேடையில் ஆண்கள் இருந்தார்கள், கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தில் இந்தப் பயணத்தில் யானையைவிட ஆபத்தானது அதுதான்.

எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்கள் குழு மலைநாட்டில் இரண்டு நாள் நடந்தது. நாங்கள் பெண்கள் ஒன்பது பேர். வழியில் மறைவிடம் கிடைக்காது என்று பயந்து, பேசிவைத்ததுபோல ஒருவரும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது, வெறும் சுமையாக. பதினொரு மணிக்கு எனக்குத் தலையிடி. பிறகு ஓங்காளம். அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் என்னை நிழலில் கிடத்தி, தாவணியை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தாராம். “இந்தப் பிள்ளை காலையில ஒண்ணும் குடிக்கலையா?” என்று அவர் கேட்டதற்கு என் தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம்.

உடம்பு வெயிலைச் சமாளிப்பது வியர்வையால். நமது நாட்டில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை இலேசில் ஆவியாகாது. ஆகவே உடம்பு மேலும் மேலும் வியர்க்கிறது. சுமையோடு வெயிலில் நடக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு அரை லீற்றராவது குடிக்க வேண்டிவரும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் பிழை. வியர்வையோடு உப்பும் போகிறது. ஜீவனிப் பக்கற்றுகள், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், கஞ்சி எல்லாம் அதற்குத்தான். போதுமான அளவு குடிக்கிறோமா என்பதற்கு ஒரு அடையாளம், சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஆனால் அந்த அடையாளத்தைப் பார்ப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு மறைவிடம் வேண்டுமே!

எனவே வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பெண்பிள்ளைகள் ஒதுங்க இடம் எங்கெங்கே என்பதுதான். கழிப்பறை இல்லாத இடத்தில் நான்கு தடியும் ஒரு பழைய சேலையும் போதும். கூடவே ஒரு சிறிய மண்வெட்டி, சவர்க்காரம், கழுவத் தண்ணீர். மாதவிலக்கு நாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும், அதுவும் பெண் ஆசிரியை ஒருவர் பிள்ளைகளோடு தனியே இருந்து. “அந்த நாளில் வராதே” என்பது பதில் அல்ல. மூன்று நாளும் குழுவோடு கூட நடக்கிற பெண் ஒருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். முகாமில் சமைத்துக்கொண்டு இருப்பவரை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

நான் உரும்பிராயில் பிறந்து வளர்ந்தவள். செம்மண், வாழைத்தோட்டம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தட்டையான நிலம். எங்கள் குடாநாட்டில் மலை என்பது கீரிமலையில்தான் இருக்கிறது, அதுவும் பெயரில் மாத்திரம். நக்கிள்ஸில் உயர்ந்த சிகரம் 1900 மீற்றரைத் தாண்டும். 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். சிகரம்வரை போகாவிட்டாலும், தட்டைநிலத்துப் பிள்ளைக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். முழங்கால் சொல்லும். நமக்கு இருக்கிற ஒரே மலை கல்லூரியின் மாடிப்படி. புத்தகப்பையோடு ஏறி இறங்குங்கள். முதல் வாரம் பத்துத் தடவை, பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். பையின் பாரம் உங்கள் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நான் அதையும் குறைக்கச் சொல்வேன்.

மலை இல்லாவிட்டாலும் நமக்கு வெயில் இருக்கிறது. அது ஒரு சொத்து. நாளுக்கு ஒரு மணி நேரமளவில் தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் வெக்கையில் நடந்தால் உடம்பு பழகிவிடும். வியர்வை நேரத்தோடு வரும், கூடுதலாக வரும், அதில் உப்புக் குறைவாக இருக்கும், இதயத்துக்கும் பாடு குறையும். ஆனால் சில வாரம் விசிறிக்குக் கீழே இருந்தால் அத்தனையும் போய்விடும். பயிற்சியைப் பயணத்துக்கு முந்திய வாரம்வரை விடாமல் செய்ய வேண்டியது அதனால்தான்.

உடை பற்றியும் கூட்டத்தில் பேச்சு வந்தது. பர்தாவோடு மலை ஏற முடியுமா என்று ஒரு தகப்பனார் கேட்டார். 1980இல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்பதுதான் கேள்வி. கறுப்பு வெயிலைக் கூடுதலாக உறிஞ்சியது உண்மை. ஆனால் அங்கி தளர்வாக இருந்ததால் அந்தச் சூடு தோலுக்கு வரமுன்னரே காற்றோடு போய்விட்டது. வெள்ளை அங்கிக்குள்ளும் கறுப்பு அங்கிக்குள்ளும் தோலை அடைந்த சூடு ஒரே அளவு. அது வறண்ட தேசம், நமது புழுக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நிறத்தைவிடத் தளர்வே முக்கியம் என்று எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய, தளர்ந்த, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கிற உடுப்பு, உள்ளே காற்சட்டை. தலைத்துணியை அவ்வப்போது நனைத்துக்கொள்ளலாம். புதுச் சப்பாத்து மட்டும் வேண்டாம். இரண்டு மாதம் போட்டு நடந்த பழைய சப்பாத்தும், மாற்றிப் போட மூன்று சோடி மேசும் போதும்.

இதெல்லாம் வெளிநாட்டார் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அப்பாச்சி தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தவர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை தாண்டி, உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால், ஒன்றரை மாதத்துக்கு மேல். வேல் தாங்குபவர்தான் அவர்களுக்கு வழிகாட்டி. அவரை முந்தி ஒருவரும் நடப்பதில்லையாம். விடியமுன் எழும்பி நடப்பார்கள், வெயில் ஏறியதும் மரநிழலில் படுப்பார்கள், பொழுது சாய்ந்ததும் மறுபடி நடை. கும்புக்கன் ஓயாத் தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடித்தார்களாம். கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் தந்த பிளேன்ரீயைப் பற்றி அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது என்பதை நான் அறிந்தது அவர் வாயால்தான். அந்த நண்பகல் ஓய்வை நமது அட்டவணையிலும் வைத்தால் லுஹர் நேரம் அதற்குள் வந்துவிடும். பயணத்தில் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் சலுகை உண்டென்று சக ஆசிரியை ஒருவர் விளக்கினார்.

பெற்றோரின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு தாய் என் கையைப் பிடித்து, “ரீச்சர், நாங்க நடந்தது போதாதா?” என்றார். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது அவருக்கு ஒன்பது வயது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, நானும் உரும்பிராயிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்தபடி மழையில் நடந்தேன், நாவற்குழிப் பாலத்துச் சனநெரிசலுக்குள். அந்த இரண்டு நடைக்கும் ஒருவரும் நம்மைத் தயார்ப்படுத்தவில்லை. எப்போது நிற்போம் என்று தெரியாது, குடிக்க என்ன கிடைக்கும் என்று தெரியாது. அந்தத் தாய்க்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன்: அவர் மகள் எங்கே நிற்பாள், என்ன குடிப்பாள், எப்போது திரும்புவாள் என்பது முழுவதும் தெரிந்த ஒரு நடையை ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

பயணம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் தயாரிப்பு இல்லாமல் என்றால் அதிபரிடம் நானே வேண்டாம் என்பேன். எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில்கூட, உண்மையான பயணத்துக்கு முன் ஒரு பயிற்சிப் பயணம் கட்டாயம். அதுவும் முடிக்காத பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடாது. மலைநாட்டில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். நாளைத் தெரிவு செய்யும்போது அதையும் பார்க்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வாகனம் போகும் பாதைவரைதான் வரும். அதற்கு அப்பால் பிள்ளையை யார், எப்படித் தூக்கி வருவது என்று வழிகாட்டி எழுதித் தர வேண்டும். ஒரு பிள்ளை தடுமாறி, சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கம். அம்புலன்சுக்குக் காத்திராமல் அந்த இடத்திலேயே நனைத்து விசிறி உடம்பைக் குளிர்விக்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், கடைசி வரிசைப் பிள்ளைக்கும்.

வருகிற தவணையின் முதல் சனிக்கிழமை, காலை 5.45க்குக் கல்லூரி வாசலிலிருந்து பலாலி வீதி வழியே உரும்பிராய்வரை முதல் பயிற்சி நடை. ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். தாய்மாரும் வரலாம். கோண்டாவிலில் ஒரு வீட்டில் கழிப்பறைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு லீற்றர்ப் போத்தல். எங்கள் வீட்டு முற்றத்துக்கு வரும்போது அது வெறுமையாக இருக்க வேண்டும், நான் பார்ப்பேன். பிறகு ஒடியற்கூழ் இருக்கிறது, உப்பும் உறைப்பும் சரியாகப் போட்டு.