ஏழு மணிக்குப் பிறகும் தட்டு கழுவும் மாணவன்

சாமராஜநகரிலும், குண்டுலுப்பேட்டையில் ஊட்டிக்குப் போகும் சாலையிலும் மாலையானால் கோபி மஞ்சூரி, நூடுல்ஸ் விற்கும் பாஸ்ட்புட் கடைகள் களைகட்டுகின்றன. அங்கே தட்டு கழுவுகிறவனையும் மேசை துடைக்கிறவனையும் உற்றுப் பாருங்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. கல்குவாரியில் முதுகொடிந்த தகப்பனுக்குப் பாரமாக இருக்கக்கூடாதென்று பள்ளி விட்டதும் வேலைக்கு வந்தவர்கள்.

உழைப்பது இழிவல்ல. ஆனால் அவர்களை வேலை வாங்குகிறவரின் அதிகாரத்துக்கு எல்லை எது? அதுதான் நம் கேள்வி.

வேலையில் சேர்க்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "அண்ணே, உங்க பையன் மாதிரி பாத்துக்குங்க. தப்புப் பண்ணினா ரெண்டு தட்டுத் தட்டுங்க." அந்தச் சொல்லிலேயே பிள்ளையின் உரிமை அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பல கடைகளில் மானேஜரும் நம் ஊர்க்காரரே. ஒரு காலத்தில் தட்டு கழுவியவரே. ஆனால் இன்று அவர் முதலாளியின் கல்லாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கூட்டம் குறையும்வரை பையனை விடமாட்டார். பரீட்சை என்றால் முகம் சுளிப்பார். தம்ளர் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார். சொந்த மகனை இப்படியா பார்ப்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 14 வயது நிரம்பாதவரைக் கடையில் வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவருக்கு, 2016இல் திருத்தப்பட்ட 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி நேரமே. 3 மணி நேர வேலைக்குப் பின் 1 மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, ஓவர்டைம் கிடையாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக்கூடாது. வியாபாரம் சூடுபிடிக்கும் நேரமும் பையன் வீடு திரும்ப வேண்டிய நேரமும் ஒன்றே! உடைந்த பொருளுக்குப் பிடிப்பதானாலும் அவன் விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக்கூடாது. அதன் மதிப்புக்கு மேலும் பிடிக்கக்கூடாது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் இந்த விதி 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? அமெரிக்காவில் 14, 15 வயதினருக்குப் பள்ளி நாளில் 3 மணி நேரமே வேலை. ஆயினும் லூயிவில் நகரின் மெக்டொனால்டு கடையொன்றில் 10 வயதுப் பிள்ளைகள் இருவர், சில நாள் இரவு 2 மணிவரை, சம்பளமில்லாமல் வேலை செய்ததாக 2023இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையே அறிவித்தது. கேட்பார் இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் தூங்கும்.

ஆகவே பெற்றோரே, இனி "உங்க பையன் மாதிரி" என்று சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு விடுவீர்கள், எவ்வளவு சம்பளம், பரீட்சைக்கு லீவு உண்டா என்று கேளுங்கள். வந்த நேரம், விட்ட நேரம், பிடித்த பணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கை நீட்டினால் பொறுக்காதீர்கள். தனியாகப் போனால் விரட்டுவார்கள். நாலு குடும்பம் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

7 மணிக்கு விட்டால் வரும்படி குறையுமே என்பீர்கள். உண்மைதான். தகப்பனின் கூலி குடும்பத்துக்குப் போதுமானால் மகன் ஏன் இரவில் எச்சில் தட்டு கழுவப் போகிறான்? அந்தக் கூலிக்கான போராட்டமும் இந்தப் பிள்ளையின் படிப்புக்கான போராட்டமும் ஒன்றே.