பாதிதான் சொல்கிறது யூரின் கல்ச்சர்

2008 ஜனவரியில் சுவீடனில் 59 வயதுக்காரர் ஒருவரின் சிறுநீர் பரிசோதனைக்குப் போனது. டெல்லி மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்று அப்போதுதான் திரும்பியிருந்தார். சிறுநீரில் வளர்ந்த கிளெப்சியெல்லா பாக்டீரியா, மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் நம்பும் கார்பபெனம் மருந்துகளுக்கும் மசியவில்லை. காரணமான மரபணுவுக்கு, நியூ டெல்லியின் பெயரைச் சேர்த்து, என்டிஎம்-1 என்று பெயரிட்டார்கள். அதே மரபணு அவருடைய மலத்தில் இருந்த ஈ.கோலை பாக்டீரியாவிலும் இருந்தது. பிளாஸ்மிட் எனும் டிஎன்ஏ வளையத்தில் ஏறி, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கே அது தாவக்கூடியது.

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு வெளியானது. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்தது. மரபணுவின் பெயரில் டெல்லி இருக்கலாமா என்று நாடே விவாதித்தது. அந்த ஆய்வின் முக்கியமான சேதி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

ஹரியாணாவின் கிளெப்சியெல்லா மாதிரிகள் ஒரே வம்சாவளியைச் சேர்ந்தவை. சென்னையில் கிடைத்தவையோ பல வம்சாவளிகள். அவற்றின் பிளாஸ்மிட்கள் எளிதில் இடம் மாறக்கூடியவை.

இந்த வேறுபாடுதான் மருத்துவமனை எங்கே கைவைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே வம்சாவளி வார்டில் பரவினால், கை கழுவுதல், கத்தீட்டர் பராமரிப்பு, நோயாளியைத் தனிமைப்படுத்துதல் ஆகியவை அதைத் தடுக்கும். பல வம்சாவளிகளுக்குள் மரபணு தாவுகிறது என்றால் இவை மட்டும் போதாது. ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் கழிவுநீரையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

யூரின் கல்ச்சர் அறிக்கை பாக்டீரியாவின் பெயரையும், எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதையும் சொல்லும். சிகிச்சைக்கு அது போதும். பரவலைத் தடுக்கப் போதாது. ஈ.கோலை என்ற ஒரே பெயருக்குள் அத்தனை வேற்றுமை. சிறுநீரகத் தொற்றை உண்டாக்கும் வகையொன்றை வேறு இரண்டு ஈ.கோலை வகைகளோடு 2002இல் ஒப்பிட்டபோது, மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

கிருமியின் வம்சாவளியைக் காட்டும் மரபணு வாசிப்பு வார்டுக்கு எப்படி உதவும் என்பதற்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையே சான்று. 2011இல் அங்கே 18 பேரிடம் கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா பரவியது. முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்தே அடுத்தவரிடம் கிருமி தென்பட்டதால், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற குழப்பம் இருந்தது. மரபணு வரிசையைப் படித்ததும் தீர்ந்தது: எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து வந்தவையே.

இங்கே கருவி இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா வகைகளைக் கண்டறிய 2021இல் தமிழக அரசே சென்னையில் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் தொடங்கியது. ஒவ்வொரு மாதிரியையும் அங்கே அனுப்பத் தேவையில்லை. கார்பபெனத்துக்கு அடங்காத கிருமி ஒரே வார்டில் அடுத்தடுத்துத் தென்பட்டால் அவற்றை அனுப்ப வேண்டும். முடிவு, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கைக்குச் சில நாட்களில் வந்து சேர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து இந்த ஏற்பாட்டைத் தொடங்கச் சுகாதாரத் துறை இனியும் தாமதிக்கக் கூடாது.